காகிதம் கசங்கிய சத்தம்

எனக்கு டி.பி. என்று சொன்ன அன்று நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு மாதமாக இருமிக்கொண்டே மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். "சாக்பீஸ் தூசி டீச்சர், வெந்நீர் குடிங்க" என்று தலைமையாசிரியர் முதல் தண்ணீர் எடுத்து வைக்கும் ஆயா வரை ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளையாக இருந்த ஒரு திட்டைக் காட்டினார். உள்ளங்கை அகலம் கூட இல்லை. அதற்காக நிலக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து வார்டில் படுக்கவேண்டியதாயிற்று.

படுத்த இரண்டாவது வாரம் இன்னொன்றும் தெரிந்தது. நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் எட்டிப் பார்க்காத பிள்ளை, நல்ல நேரம் பார்த்து வந்திருந்தது.

தினம் காலையில் இடுப்பில் ஓர் ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். நுரையீரலில் இருக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து. ஊசி போட்ட இடம் கட்டியாகி, எந்தப் பக்கம் புரண்டாலும் வலிக்கும். என் வீட்டுக்காரர் நிலக்கோட்டைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். ட்ரிப்புக்கு ட்ரிப் கிடைக்கும் இருபது நிமிஷத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, அவித்த முட்டையை உரித்து என் கையில் வைத்துவிட்டு ஓடுவார். கூடவே பஸ்ஸில் ஏறும் பூக்காரம்மாக்கள் கொடுத்தனுப்பிய மல்லிகை இருக்கும். டி.பி. வார்டில் யாருக்குப் பூ வைக்கத் தோன்றும்? நர்ஸ் எஸ்தர் அதை வாங்கி மருந்து மேஜை மேல் வைத்துவிடுவாள்.

ஐம்பது ஊசி போல ஆகியிருக்கும். காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. முதலில் வெளியே மரத்தில் கத்துகிறது என்று நினைத்தேன். மழை நாளிலும் கத்தியது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு எஸ்தரிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

"இந்த ஊசி சில பேருக்குக் காது நரம்பையும் தொடும் டீச்சர்" என்றார் டாக்டரம்மா. "இனி வாரத்துக்கு ரெண்டாக் குறைச்சுடறேன். மாத்திரை சேர்த்துத் தர்றேன்."

"வயித்துல இருக்கிறதுக்கு?"

"அதுக்கும் காது போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"அப்ப நிறுத்திருங்க."

"நிறுத்தினா நீங்க இருக்க மாட்டீங்க. நீங்க இல்லைன்னா அதுவும் இல்லை."

மறுபடி ஊசிக்குக் குப்புறப் படுத்தேன். ஒவ்வொரு ஊசியும் இறங்கும்போது, இது எனக்கா, அதற்கா என்று பயமாக இருக்கும். பிழைக்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த ஆசைதான் பிறகு என்னை அதிகமாக வதைத்தது.

சளியில் கிருமி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் நிறைந்து அதே ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தேன். பையன் பிறந்தான். எடை குறைவில்லை, கை கால் சுத்தம். ஆறு கட்டில் போட்ட வார்டில் என் பிள்ளைதான் நிறம் என்று என் நாத்தனார் ராக்கம்மாள் மதினி அக்கம்பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளை எதையும் காதைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பமாட்டார். பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஒரு கைமணிதான். பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது தலைமாட்டில் நின்று, தொட்டிலில் இடிக்காமல் ஒரு தடவை ஆட்டுவார். காது கேட்கிற பிள்ளை கண் இமையைச் சுருக்கும், இல்லை கையை விரித்து உதறும், இல்லை மூச்சை ஒரு கணம் நிறுத்தும். ஏதாவது ஒன்று செய்யும்.

மூன்றாம் நாள் காலையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் கட்டில் பிள்ளை வீறிட்டது. இரண்டாவது உதறியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் கண்ணைச் சுருக்கின. என் பிள்ளை தூங்கினான். மறுபடி ஆட்டினார். தூங்கினான்.

"கும்பகர்ணன் தூக்கம்" என்று பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மறுநாளும் வந்து பார்த்தார். அன்றும் அதே தூக்கம்.

"பிறந்த பிள்ளையை வச்சு முடிவு சொல்ல முடியாது" என்றார். "ஆறாம் மாசம் கொண்டுவாங்க. அப்போ சத்தம் வந்த பக்கம் தலை திரும்பும், தெளிவாத் தெரியும். அதுக்கு மேல நாள் கடத்தாதீங்க டீச்சர். கேட்டாத்தான் பேச்சு வரும். கேக்கலைன்னு சின்னதிலேயே தெரிஞ்சா ஏதாவது செய்யலாம். நாலு வயசுல தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை."

அந்த ஆறு மாதத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். திமிர் என்று நினைத்து நான் அவளை முட்டி போட வைத்திருக்கிறேன். அவளுக்குக் காதில் சீழ் என்று பிறகுதான் தெரிந்தது. காது கேட்காத பிள்ளையைப் பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. செய்தவளே நான்தான்.

பெயர் வைக்கிற அன்று ராக்கம்மாள் மதினி பிள்ளையை மடியில் போட்டு, வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, அவன் காதோடு வாய் வைத்து "முருகேசா" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"பாத்தியாத்தா? பேரைச் சொன்னதும் திரும்புறான். இவனுக்கா காது கேக்கல? அந்த டாக்டருக்குத்தான் கேக்கல" என்றார் மதினி.

வீடே சிரித்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து யாரும் இல்லாதபோது நானே செய்து பார்த்தேன். அவன் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லாமல், சும்மா மூச்சை மட்டும் விட்டேன். திரும்பினான். காது மடலில் சூடாகக் காற்றுப் பட்டால் கூசாதா, எந்தப் பிள்ளையும் திரும்பத்தான் செய்யும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே மறுபடி சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் மாதம் முடிந்த வாரம், மதினியும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடத்தில் பெஞ்சு நிறையக் கூட்டம். தகரத் துண்டில் எண் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடக் கூப்பிட என் தகரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பரீட்சை எழுதப்போவது ஆறு மாதப் பிள்ளை. நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வராந்தாக் கோடியில் சத்தம் எட்டாத ஓர் அறை. மதினியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை என் மடியில், முகம் முன்பக்கம் பார்க்க உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரு மரக்கிளியை ஆட்டி அவன் கவனத்தைப் பிடித்துவைப்பார். எஸ்தர் பின்னால் நின்று, நிழல் விழாமல், மேலே படாமல், ஒரு கை தூரத்தில் இந்தக் காதுப் பக்கம் ஒரு சத்தம், அந்தக் காதுப் பக்கம் ஒரு சத்தம் எழுப்புவாள். மணி, டம்ளரில் கரண்டி, காகிதம், கடைசியாக மரக்கட்டையில் ஒரு தட்டு. பிள்ளை திரும்பிப் பார்க்கிறானா என்பதுதான் கேள்வி.

"நீங்க கொஞ்சம்கூட அசையக்கூடாது டீச்சர்" என்றார் டாக்டரம்மா.

"சரி" என்றேன்.

வலது பக்கம் மணி அடித்தது. அவன் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விநாடிதான். என் வலது கை அவன் இடுப்பில் இருந்தது. விரல் ஒன்று அமுங்கியது. நான் அமுக்கினேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது தானாக நடந்த மாதிரி இருந்தது. பிள்ளை வலது பக்கம் திரும்பினான். எஸ்தர் சிரித்தபடி அவனுக்கு மணியைக் காட்டினாள். அடுத்து இடது பக்கம் கரண்டிச் சத்தம். என் இடது விரல். திரும்பினான். அப்படியே எல்லாம் முடிந்தது. 'நான் லேசாகத்தானே தொட்டேன், இவனுக்கும் கேட்டிருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கும்' என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. நானும் அதை நம்பினேன்.

டாக்டரம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. "நல்லா இருக்கு. பேப்பருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் திரும்பல."

"எப்ப பேப்பர்?" என்று கேட்டேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "ரெண்டு தடவை கசக்கினேனே டீச்சரம்மா. நல்லா மொறுமொறுன்னு, காதுக்குப் பக்கத்துல."

எனக்குக் கேட்கவே இல்லை.

டாக்டரம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து ஓர் ஆயா ஓடி வந்து கூப்பிட, அவர் போய்விட்டார். எஸ்தர் சீட்டில் 'காது சரி, மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்' என்று எழுதி என் கையில் கொடுத்தாள்.

வெளியே மதினி சீட்டை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வெயில் கொளுத்தியது. எனக்கு மண்டைக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி எனக்குக் கேட்டது, அவன் திரும்பினான். கரண்டி எனக்குக் கேட்டது, திரும்பினான். காகிதம் எனக்குக் கேட்கவில்லை. என் காதையும்தான் அந்த ஊசி தின்றிருந்ததே. அதற்கு மட்டும் அவன் திரும்பவில்லை. என் விரல் இல்லாத இடத்தில் அவனுக்குக் காதும் இல்லை. இதற்கு மேல் எந்த வக்கீலாலும் வாதாட முடியாது.

என் வீட்டுக்காரரின் பஸ் புறப்பட நின்றது. மதினி படியேறும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டார். அவர் டிக்கெட் பையைத் தோளில் சரித்துக்கொண்டு, ஸ்டாப் பெயர் சொல்லும் அதே குரலில் பஸ் முழுக்க அறிவித்தார். "எம் பயலுக்குக் காது கேக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாக."

பூக்கூடைக்காரம்மா ஒரு முழம் கிள்ளி என் தலையில் அவரே வைத்துவிட்டார். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார். எல்லாரும் என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரே வாழ்த்தும்போது திருடனுக்கு எப்படி இருக்குமோ, எனக்கு அப்படி இருந்தது. இந்த பஸ் கிளம்பிவிட்டால் மூன்று மாதம் போகும். பிறகு இன்னொரு மூன்று மாதம். நான் கெட்டிக்காரி, விரலை ஒளித்துக்கொண்டே நாலு வயது வரை கடத்திவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

அவர் விசிலை வாயில் வைத்தார்.

"விசில் குடுக்காதீங்க" என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவரும் இறங்கி வந்தார். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விரல் எப்படி அமுங்கியது என்று அவர் மணிக்கட்டிலேயே அமுக்கிக் காட்டினேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "எதுக்குடி?" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பிறகு பையைக் கழற்றி டயம் கீப்பரிடம் கொடுத்து, "வேற ஆளை அனுப்புங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மதினி ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடி வந்தார்.

டாக்டரம்மா பிரசவம் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தெந்தச் சத்தத்துக்குத் தொட்டீங்க?"

"எனக்குக் கேட்ட எல்லாத்துக்கும்."

அவர் துண்டில் கையைத் துடைத்தார். "அப்போ காலையில நான் உங்க காதைத்தான் சோதிச்சிருக்கேன்" என்றார். "வாங்க."

இந்தத் தடவை வேறொரு நர்ஸ் மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் கதவோரம் சுவரில் ஒட்டி நின்றோம். எஸ்தர் மணி அடித்தாள். அவன் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பலமாக அடித்தாள். கிளி. டம்ளரும் கரண்டியும். கிளி. மதினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. காகிதம் கசங்குவதை எஸ்தரின் விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவனும் நானும் அந்த அறையில் ஒரே மாதிரி இருந்தோம்.

மரக்கட்டையில் ஓங்கித் தட்டினாள். அவன் கை ஆட்டுவதை நிறுத்தினான். கண் பெரிதாகியது. ஆனால் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பஸ் ஸ்டாண்டு அதிரக் கூப்பிடும் குரலில், "ஏலே, அப்பு" என்றார்.

பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

டாக்டரம்மா சட்டென்று கையைக் காட்டி எல்லாரையும் அசையாமல் நிறுத்தினார். என் வீட்டுக்காரரை அறையின் மறு மூலைக்கு, பிள்ளைக்குப் பின்பக்கம் போகச் சொன்னார். "இப்போ கூப்பிடுங்க."

"ஏலே, அப்பு."

அந்தப் பக்கம் திரும்பினான். சிரித்தான்.

மதினி அழுதுவிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க."

நான் அவன் பின்னால் போய் நின்றேன். "முருகேசா" என்றேன். மறுபடி "முருகேசா" என்றேன். வகுப்பில் கடைசிப் பெஞ்சு நடுங்கும்படி கத்துகிற குரல் எனக்கு. நோய்க்குப் பிறகு இன்னும் கீச்சென்று ஆகியிருந்தது. அவன் கிளியைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

"கனத்த ஓசை பலமா வந்தா எட்டுது" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "மெல்லிய ஓசை, கீச்சு ஓசை எட்டலை. முழுச் செவிடு இல்லை டீச்சர். மிச்சம் இருக்கு. காதுல வைக்கிற மெஷின் பெரிய ஊர்லதான் கிடைக்கும், எழுதிக் கேக்கறேன். அது வர்ற வரைக்கும் சும்மா இருக்கக்கூடாது. பக்கத்துல உட்கார்ந்து, வெளிச்சத்துல முகம் தெரியற மாதிரி, அடிக்குரல்ல பேசிக்கிட்டே இருங்க. நாள் முழுக்க."

அப்பாவின் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு இதைத் தாங்குவது லேசில்லை. அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அவர் "அப்பு" என்று கூப்பிட்டபோதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மறுநாளே அடிக்குரல் பழக ஆரம்பித்தேன். நெஞ்சிலிருந்து பேசவேண்டும். நோய்ப்பட்ட நெஞ்சு, கொஞ்ச நேரத்தில் இளைக்கும். தொண்டை கட்டும். பால், சொம்பு, விளக்கு, கோழி என்று எதைத் தொட்டாலும் அவன் முகத்துக்கு நேரே தடித்த குரலில் சொல்வேன். பள்ளிக்கூடத்திலும் அதே குரல் வந்து, "டீச்சருக்குள்ள வாத்தியார் பூந்துட்டாரு" என்று பயல்கள் சிரித்தார்கள். முருகேசன் என் வாயைப் பார்ப்பான், சிரிப்பான், கையை வாய்க்குள் விடுவான். ஆனால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டால், ஒன்றும் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். அவன் என் முகத்தைத்தான் படிக்கிறான், குரல் போகவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படி வாசலில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பிள்ளை கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கரண்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சேற்றுச் செருப்போடு, அப்போதுதான் மெழுகிக் காய்ந்த கூடத்தில் விறுவிறு என்று நடந்து வந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெழுகுறவ மனுஷியா மாடா?" என்று கத்தினேன். இப்போதெல்லாம் கோபமும் எனக்கு அடிக்குரலில்தான் வருகிறது.

முருகேசன் வாயிலிருந்து கரண்டியை எடுத்தான். எதிரில் நின்ற அப்பாவைப் பார்க்கவில்லை. கையைத் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதும் திரும்பி, என்னைப் பார்த்தான்.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. களைந்த அரிசி கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது. அவர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "வையி பாக்கியம். அவன் உன்னையத்தான் பாக்குறான். இன்னும் வையி."

திட்டுவதற்கு எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. கண்ணீர் வேறு மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கல்யாணத்தன்று அவர் வீட்டார் எங்கள் சனத்துக்குப் பாயசம் பத்தாமல் பண்ணியதிலிருந்து ஆரம்பித்தேன்.